நஞ்சுண்டன் செய்த தொழில்

இறப்புச் சான்றிதழ் பத்துப் பிரதிகளாகத் தபாலில் வந்தது. வங்கிக்கு ஒன்று, இன்சூரன்ஸுக்கு ஒன்று, கார் பேர் மாற்ற ஒன்று என்று தனபாக்கியம் அவற்றைச் சாப்பாட்டு மேஜையில் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தாள். மகள் ரோஷினி ஒரு பிரதியை எடுத்து வாசித்தாள். அவள் வேறு மாநிலத்தில், சன்னிவேலில் கட்டட எஞ்சினியர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தப்புத் தேடித்தான் படிப்பாள்.

பேர் நஞ்சுண்டன். சரி. வயது அறுபத்தொன்று. சரி. இறந்த நாள் 2025 பிப்ரவரி பத்தொன்பது. சரி. இறந்த இடம், டெக்ஸாஸில் ப்ராஸ்பர் ஊருக்கு வெளியே பள்ளிக்கூடம் கட்டப்போகும் ஒரு காலி மனை. அதுவும் சரி. பதினாலாவது துளையிலிருந்து எடுத்த மண்ணைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்று போர் வண்டிக்காரர் சொன்னார்.

'வழக்கமாகச் செய்த தொழில்' என்று ஒரு கட்டம். அதில் 'சாயில் டெக்னீஷியன்' என்று இருந்தது.

"அம்மா, இது யார் எழுதுனது?"

"எது கண்ணு?"

"அப்பாவோட ஆக்குபேஷன்."

தனபாக்கியம் கண்ணாடியைத் தேடவில்லை. "பசுபதி அண்ணந்தான் ஃப்யூனரல் ஹோம்ல அந்த ஃபாரமெல்லாம் ரொப்புனாரு... நீ ஃப்ளைட்ல இருந்தே. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 'நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்'னாரு. கையெழுத்து மட்டும் நான் போட்டேன்."

"அப்பா டெக்னீஷியன் இல்லம்மா."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? விடு சாமி. போனவங்களுக்கு என்ன உத்தியோகம்."

ரோஷினி விடவில்லை. மண்ணை எடுத்துப் பையில் போட்டு நம்பர் எழுதுகிறவர் டெக்னீஷியன். அந்த மண் இன்னும் இருபது வருஷத்தில் என்ன செய்யும் என்று சொல்கிறவர் ஜியாலஜிஸ்ட். முதல் வேலை கேவலமானதல்ல. அது இல்லாமல் இரண்டாவது இல்லை. ஆனால் அவள் அப்பா செய்தது இரண்டாவது வேலை. முப்பத்தெட்டு வருஷம் செய்தார்.

நஞ்சுண்டன் கோபிசெட்டிபாளையத்துக்காரர். சென்னையில் எம்.எஸ்சி. ஜியாலஜி படித்தார். வகுப்பில் பக்கத்து இடம் பெரம்பூர் பசுபதிக்கு. விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியாத நாட்களில் பசுபதி வீட்டில்தான் இவருக்கு இலை. "அந்த வீட்டு ரசத்துலதான் நான் எம்.எஸ்சி. பாஸ் பண்ணுனேன்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்ததும் பசுபதி அமெரிக்கா போனார். நஞ்சுண்டன் திருச்செங்கோடு போனார். போர் வண்டிகள் துளை போடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கே இருக்கும் என்று மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்லும் வேலை. அங்கே அவருக்குப் போட்டி, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறவர்கள். தோட்டக்காரர்கள் இவர் சொன்ன இடத்தைத் தேங்காய்க்காரரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டுதான் வண்டியைக் கூப்பிடுவார்கள். நஞ்சுண்டனுக்கு அதில் கோபம் இல்லை. "தேங்காய்க்கும் எனக்கும் ஒரே பாயிண்ட் வந்துச்சுன்னா அன்னிக்குக் காபி கிடைக்கும்" என்பார்.

1999-இல் குடும்பத்தோடு நியூ ஜெர்சி. மான்மவுத் ஜங்ஷனில் ஒரு அபார்ட்மெண்ட்; ரோஷினிக்கு அப்போது ஆறு வயது. பெட்ரோல் பங்குகளில் நிலத்துக்கடியில் புதைத்த தொட்டிகள் ஓட்டையாகி எண்ணெய் கசியும். அது எந்தப் பக்கம் போகிறது, யார் வீட்டுக் கிணற்றை எப்போது தொடும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. விசிட்டிங் கார்டில் பேருக்குக் கீழே ஜியாலஜிஸ்ட் என்று போட்டிருந்தது. நியூ ஜெர்சியில் ஜியாலஜிஸ்ட்டுக்கென்று மாநில உரிமம் கிடையாது. படித்தவர், செய்கிறவர், போட்டுக்கொள்ளலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 2011-இல் அந்தக் கம்பெனியை மூடினார்கள். க்ரீன் கார்டு வரிசையில் பாதி வழியில் நின்றது குடும்பம். அப்போதுதான் டெக்ஸாஸிலிருந்து பசுபதியின் போன் வந்தது. டாலஸுக்கு வடக்கே ஆலனில் அவர் மண் பரிசோதனைக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார்.

"டேய் நஞ்சு, மூட்டையைக் கட்டிட்டு இங்க வாடா. க்ரீன் கார்டு நான் ஃபைல் பண்றேன். நமக்குள்ள என்ன இன்டர்வ்யூ?"

வந்தார்கள். ஆனால் டெக்ஸாஸில் சட்டம் வேறு. கட்டடத்துக்கோ சாலைக்கோ கொடுக்கிற நிலவியல் அறிக்கையில் மாநில உரிமம் பெற்ற ஒருவருடைய முத்திரை விழ வேண்டும். முத்திரை இல்லாதவர், முத்திரை உள்ளவருக்குக் கீழே வேலை செய்யலாம். பசுபதியிடம் முத்திரை இருந்தது. சட்டம் வந்த புதிதில், ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்குப் பரீட்சை இல்லாமல் கொடுத்தபோது வாங்கியது. கம்பெனியில் முத்திரை அது ஒன்றுதான்.

புது விசிட்டிங் கார்டில் நஞ்சுண்டன் பேருக்குக் கீழே எதுவும் இல்லை. "நியூ ஜெர்சியில நான் ஜியாலஜிஸ்ட். டெக்ஸாஸ்ல ஜியாலஜிஸ்ட் மாதிரி" என்று சிரித்தார்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2013-இல் ஊருக்கு வடக்கே ஒரு நகராட்சி புதுச் சாலை போட இருந்தது. அந்தப் பக்கத்துக் கறுப்புக் களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதை அடக்கச் சுண்ணாம்பு கலப்பது வழக்கம், எல்லோரும் கலப்பார்கள். நஞ்சுண்டன் எட்டாவது அடி மண்ணை உடைத்துப் பார்த்தார். உள்ளே ஊசி ஊசியாக ஏதோ மின்னியது. ஜிப்சம். பசுபதியைக் கூப்பிட்டு, சுண்ணாம்பு கூடாது என்றார். அன்று சாயங்காலம் கல்லூரியிலிருந்த ரோஷினிக்குப் போனில் விளக்கினார்.

"சுண்ணாம்பும் இந்த ஜிப்சமும் தண்ணியும் ஒண்ணு சேந்துச்சுன்னா, மண்ணு பூரியாட்ட உப்பும் கண்ணு. ரோடு வரப்பாட்டம் எந்திரிச்சு நிக்கும்."

அறிக்கையைப் பன்னிரண்டு பக்கம் அவரே எழுதினார். முத்திரை பசுபதியுடையது. சுண்ணாம்பு போட்ட பக்கத்துத் தெரு அடுத்த வருஷமே மேடு மேடாக எழும்பியது. இவர் வேண்டாமென்ற சாலை எழும்பவில்லை. நகராட்சி எஞ்சினியர் பசுபதியைக் கூப்பிட்டு விருந்தில் கை குலுக்கினார். பசுபதி அதை நஞ்சுண்டன் வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி ஸ்வர்ணாவோடு கேக் வாங்கிக்கொண்டு வந்து சொன்னார். "நம்ம டீம்தாம்மா தனம்!" என்றார். நஞ்சுண்டன் கேக்கை வெட்டினார்.

ஐம்பத்தொரு வயதில் அவர் உரிமத்துக்குப் படிக்க உட்கார்ந்தார். பரீட்சை இரண்டு பாகம். சனி, ஞாயிறு ஆலன் நூலகத்தில். மண் பையில் கட்டுகிற அட்டைகளின் பின்பக்கத்தில் கேள்வி எழுதி வைத்துக்கொள்வார். போனில் ரோஷினி கேள்வி கேட்பாள். பதில் தெரியாவிட்டால், "அடுத்தது கேளு, இது ஆளை மிரட்டறதுக்குன்னே வச்சிருக்கான்" என்பார். இரண்டு பாகமும் முதல் தடவையிலேயே தேறினார்.

மிச்சம் ஒன்றே ஒன்று. ஐந்து வருஷம் தொழில்முறை அனுபவம் இருப்பதாக, மேலே இருந்த உரிமதாரர் எழுதித் தர வேண்டும். எழுதியதை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் அவரே கையெழுத்திட வேண்டும். விண்ணப்பிக்கிறவர் அந்த உறையைப் பிரிக்காமல் தன் விண்ணப்பத்தோடு சேர்த்து மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். பிரித்தால் செல்லாது.

2016 மே மாதம். பசுபதிக்குச் சிரமம் இருக்கக் கூடாதென்று நஞ்சுண்டனே தான் செய்த வேலைகளை நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். பசுபதி ஒரு வாரத்தில் ஒட்டிய உறையைக் கையில் கொடுத்தார். நஞ்சுண்டன் அதைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய், பெரிய உறைக்குள் வைத்து, ரசீது வாங்கி வந்தார்.

"காப்பி வாங்குனீங்களாப்பா?" என்று ரோஷினி அன்று கேட்டாள்.

"பசுபதிகிட்டயா? காப்பி கேட்டா, நம்பலைன்னு ஆயிரும் கண்ணு."

ஜூலையில் க்ரீன் கார்டு வந்தது. ஆகஸ்டில் வாரியத்தின் கடிதம் வந்தது. தொழில்முறை அனுபவம் போதாது. இப்போது உரிமம் தர இயலாது. அதை எடுத்துக்கொண்டு பசுபதியிடம் போனார். பசுபதி முழுக்கப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நியூ ஜெர்சி வருஷத்தை மொத்தமா கழிச்சுட்டாங்கடா. அங்க லைசென்ஸே கிடையாதே, உனக்கு மேல எவன் லைசென்ஸ்டு? இங்க வந்து அஞ்சு வருஷம் இன்னும் முழுசா ஆகல. கொஞ்சம் பொறுத்துப் போடு."

பொறுத்தார். 2019-இல் மறுபடி போட்டார். மறுபடி ஒட்டிய உறை, மறுபடி அதே பதில்.

"பழைய ஃபைலைத்தான்டா பாக்கறான். ஒரு தடவை நியூ ஜெர்சின்னு குறிச்சுட்டா அதை அழிக்கவே முடியாது. நான் பேசிப் பாத்துட்டேன்."

"நீங்களே போன் பண்ணிக் கேளுங்கப்பா" என்றாள் ரோஷினி. "பசுபதிதான் பேசிட்டானே" என்றார். அவளும் கேட்கவில்லை. அந்த வருஷம் அவளுக்கே எஞ்சினியர் உரிமம் வந்தது. அப்பா அவளுடைய முத்திரையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். அதற்குப் பிறகு உரிமத்தைப் பற்றி அவர் பேசியதில்லை. எப்போதாவது, பேச்சு அந்தப் பக்கம் வந்தால், "நாந்தான் பன்னெண்டு வருஷத்தத் தப்பான ஊர்ல கழிச்சுட்டேன்" என்பார்.

சான்றிதழைப் பார்த்த மத்தியானமே ரோஷினி பசுபதிக்குப் போன் செய்தாள்.

"அங்கிள், டெத் சர்டிஃபிகேட்ல அப்பாவோட ஆக்குபேஷன் தப்பா இருக்கு."

"என்னம்மா... ஓ, அதுவா. சம்பளப் பேரோல்ல அப்படித்தாம்மா இருக்கு. எச்.ஆர். பேரு. ஒண்ணுமில்ல. சாப்டியா? அம்மா சாப்டாங்களா?"

"பேரோல்லயே டெக்னீஷியனா?"

"அதெல்லாம் டாக்ஸுக்கு, இன்சூரன்ஸுக்கு ஒரு க்ளாஸிஃபிகேஷன்மா. நீ இதைப் போய் மனசுல போட்டுக்காதே."

அவள் போட்டுக்கொண்டாள். வடிவமைப்பில் ஓர் எண் பொருந்தாவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போவதுதான் அவள் வேலை செய்யும் விதம். மாநில வாரியத்துக்கு எழுதினாள்: நான் மகள், இது இறப்புச் சான்றிதழ், என் தந்தையின் இரண்டு விண்ணப்பங்களின் முழுக் கோப்பும் வேண்டும். அலுவலக விடுப்பை நீட்டிக்கொண்டு ஆலனிலேயே இருந்தாள். எழுதிய பதினோராம் நாள் கோப்பு மின்னஞ்சலில் வந்தது.

நாலு பக்கம் இல்லை. அரைப் பக்கம்தான் இருந்தது. பசுபதியின் கையெழுத்து, 2016 மே ஒன்பது.

'விண்ணப்பதாரர் துளையிடும் இடத்தில் மண் மாதிரிகளைச் சேகரித்து, எண்ணிட்டு, ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறார். நிலவியல் முடிவுகளை அவர் எடுப்பதில்லை, அவை என்னுடையவை. அவருடைய பணி டெக்னீஷியன் நிலையிலானது.'

2019-இல் தேதி மட்டும் வேறு. வாசகம் அதே.

நியூ ஜெர்சியைப் பற்றிக் கோப்பில் ஒரு சொல் இல்லை.

ரோஷினி மூன்று தடவை படித்தாள். தப்பு எங்கே என்று தேடுகிற பழக்கத்தில் படித்தாள். வாக்கியங்களில் தப்பில்லை. நல்ல இங்கிலீஷ். வாரியம் தன் முன்னால் வந்ததைப் படித்துச் சரியான பதில் எழுதியிருந்தது.

அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். தனபாக்கியம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அந்தக் கவர் ஊட்ல ரெண்டு நாள் இருந்துச்சு கண்ணு. சாமி ரூம்ல வச்சிருந்தாரு. பொட்டு வச்சுக் குடுத்தனுப்புனது நானு."

அரிசித் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி பேசினாள்.

"அன்னைக்கு ஒப்புட்டு சுட்டு அவங்க ஊட்டுக்கும் குடுத்துட்டனுங்க... டப்பாவைக்கூட ஸ்வர்ணா கழுவித்தான் அனுப்பிச்சா." யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாமல், மரியாதை கலைந்து கலைந்து வந்தது.

சான்றிதழைத் திருத்த முடியும். ரோஷினி விதிகளைப் படித்துவிட்டாள். தகவல் கொடுத்தவராகக் கையெழுத்திட்ட மனைவியே திருத்த விண்ணப்பத்திலும் கையெழுத்திட வேண்டும். தொழிலை நிரூபிக்க, அவர் உயிரோடு இருந்தபோது எழுதப்பட்ட ஓர் ஆவணம் இருந்தால் நல்லது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வேலை கொடுத்தவரின் கடிதம் மிகவும் நல்லது.

வேலை கொடுத்தவர் பசுபதி.

அவள் அலமாரியில் அப்பாவின் கோப்புகளை எடுத்தாள். எல்லாம் தேதிப்படி இருந்தன. க்ரீன் கார்டு கோப்பில், கடைசிக் காகிதத்துக்கு முந்தினது, குடியுரிமை அலுவலகத்துக்குப் பசுபதி கொடுத்த கடிதத்தின் நகல். 2016 ஜனவரி பதினெட்டு.

'திரு நஞ்சுண்டன் எங்கள் நிறுவனத்தில் ஜியாலஜிஸ்ட்டாகப் பணிபுரிகிறார். இப்பணிக்கு முதுகலைப் பட்டம் அவசியம். நிலவியல் தரவுகளை ஆராய்ந்து அவர் சுயமாக முடிவுகள் எடுக்கிறார். இவருக்கு ஈடான ஒருவர் எங்களுக்குக் கிடைக்கவில்லை.'

அதே கையெழுத்து. ஜனவரியில் மத்திய அரசுக்கு ஜியாலஜிஸ்ட். மே மாதம் மாநில வாரியத்துக்கு டெக்னீஷியன். இடையில் நாலு மாதம். க்ரீன் கார்டு வந்துவிட்டால் நஞ்சுண்டன் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்ல. உரிமமும் இருந்தால் எதிர்த் தெருவில் சொந்தப் போர்டு மாட்டலாம். பசுபதிக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. நஞ்சுண்டனுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது.

வியாழக்கிழமை காலை ரோஷினி பசுபதியின் ஆபீசுக்குப் போனாள். மண் காய வைக்கிற அடுப்பின் வாசனை வரவேற்பறை வரை வந்தது. அப்பாவின் சட்டையில் வருகிற வாசனை. பசுபதி எழுந்து வந்து தோளைத் தொட்டார்.

"வாம்மா. இளைச்சுட்டியே. ஸ்வர்ணா லஞ்சுக்கு வரச் சொன்னா, ரெண்டு பேரும் வந்துடுங்க."

அவள் இரண்டு காகிதங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஜனவரி இடது பக்கம், மே வலது பக்கம்.

பசுபதி கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றினார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது எங்கேர்ந்து கிடைச்சுது உனக்கு?"

"கேட்டேன். குடுத்தாங்க. அப்பா கேட்டிருந்தாலும் குடுத்திருப்பாங்க."

"ரோஷினி, நீ ஒரு கம்பெனி நடத்திப் பாத்தா தெரியும். அப்ப இருபத்திரண்டு பேரு. முத்திரை நான் ஒருத்தன். ஃபீல்டு முழுக்க உங்கப்பா. அவன் போயிருந்தா அடுத்த மாசம் கடையை மூட வேண்டியதுதான். இருபத்திரண்டு குடும்பம்மா."

"இருந்துக்கோடான்னு கேட்டிருக்கலாமே அங்கிள். இருந்திருப்பாரு."

அது உண்மை என்று இருவருக்கும் தெரியும்.

"நானாம்மா அவனுக்குக் கெட்டது பண்ணுவேன்? நடுத்தெருவில நின்னப்போ கூட்டிட்டு வந்தது யாரு? க்ரீன் கார்டு யாரால வந்துது? நீ காலேஜ் படிச்சது..."

"அவர் ஜியாலஜிஸ்ட்டா இருந்ததால வந்துது. நீங்களே எழுதியிருக்கீங்க." இடது காகிதத்தின் மேல் விரலை வைத்தாள். "இவருக்கு ஈடான ஒருத்தர் கிடைக்கலைன்னு."

அடுப்பு நின்று மறுபடி ஓடியது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க அங்கிள். ஃப்யூனரல் ஹோம்ல யாரும் உங்களை டெக்னீஷியன்னு எழுதச் சொல்லலை. வாரியம் பாக்கப் போறதில்ல. அங்க எதுக்கு?"

பசுபதி மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பேனாவைக் கையில எடுத்துட்டேன். அப்பதான் தோணுச்சு. கவர்மென்ட் பேப்பர். ஒரு எடத்துல ஒண்ணு, இன்னொரு எடத்துல ஒண்ணுன்னு இருந்தா நாளைக்கு யாராவது... ஒரே மாதிரி இருக்கட்டும்னு..."

"அப்பா அடுத்த ரூம்ல இருந்தார்."

"ஆமாம்மா."

"அப்பவும் அதை யோசிச்சீங்க."

அவர் அழுதார். அழுகை நிஜமாகவே இருந்தது. ரோஷினி காத்திருந்தாள். ஆறு வயதிலிருந்து அவள் அங்கிள் என்று கூப்பிட்ட மனிதர். அவள் முதன்முதலில் காரோட்டப் பழகியபோது பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கே இல்லாத இடத்தில் காலை அழுத்திக்கொண்டிருந்தவர். அதெல்லாம் இல்லை என்று ஆகிவிடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பசுபதி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "நான் சரி பண்றேன். உனக்கு லெட்டர்தானே வேணும்?" தட்டினார். அச்சடித்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரையைக்கூட எடுத்துக் குத்தினார். சுவரில் இருந்த கடிகாரத்தில் நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

"இந்தாம்மா. ஜியாலஜிஸ்ட். சீனியர் ஜியாலஜிஸ்ட்னே போட்டிருக்கேன்."

ரோஷினி வாசித்தாள். எல்லாம் இருந்தது. சாலை, ஜிப்சம், சுண்ணாம்பு வேண்டாம் என்று சொன்னது. அப்பா எழுதிக் கொடுத்த நாலு பக்கத்திலிருந்து சொற்கள் அப்படியே வந்திருந்தன. அவருக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கிறது.

"தேதியை மட்டும் மாத்துங்க அங்கிள். 2016 மேன்னு போடுங்க."

"அது எப்படிம்மா? அது ஃபோர்ஜரி ஆயிடும்."

"அப்ப இது வேண்டாம்."

காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். தன் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

"இதைப் பத்தி வாரியத்துக்கு எழுதப் போறியா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"எழுதிட்டேன். நேத்தே."

வங்கியில் நோட்டரி ஒரு வெள்ளைக்காரப் பெண். திருத்த விண்ணப்பத்தில் தனபாக்கியம் அவள் முன்னால் கையெழுத்திட வேண்டும். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா, "ஊர்ல என்ன சொல்லுவாங்களோ, சோறு போட்டவங்களுக்கே..." என்று ஆரம்பித்து நிறுத்தியிருந்தாள். வரமாட்டேன் என்று சொல்வாளோ என்றுகூட ரோஷினி நினைத்தாள். ஆனால் காலையில் அம்மாதான் முதலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

நோட்டரி படிவத்தைப் பார்த்துவிட்டு, எதை மாற்றுகிறீர்கள் என்று கேட்டாள். ரோஷினி வாயைத் திறப்பதற்குள் தனபாக்கியம் முந்திக்கொண்டாள். இருபத்தாறு வருஷ அமெரிக்காவில் பால் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் மட்டும் பேசிய இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக, தன் கணவர் ஜியாலஜிஸ்ட் என்று சொன்னாள். நோட்டரி தலையசைத்து, எங்கே கையெழுத்திட வேண்டுமென்று காட்டினாள். ஆவணம் என்ற இடத்தில் பசுபதியின் ஜனவரிக் கடிதத்தை இணைத்தார்கள்.

ஐந்து வாரத்தில் திருத்திய சான்றிதழ் வந்தது. ரோஷினி சன்னிவேலுக்குத் திரும்பியிருந்தாள். தனபாக்கியம் பிரித்து, போனில் படம் எடுத்து அனுப்பினாள். ரோஷினி ரயிலில் நின்றுகொண்டு படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. தப்பு எதுவும் இல்லை. உடனே கூப்பிட்டாள்.

"சரியா இருக்கும்மா."

"இனி யாராலயும் மாத்த முடியாதில்ல?"

"முடியாது."

அந்தப் பக்கம் காகிதம் மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்.

"இருந்தாலும் கண்ணு, அவரு கடைசி வரைக்கும் நியூ ஜெர்சியத்தானே நொந்துட்டிருந்தாரு. தன்னத்தானே நொந்துட்டிருந்தாரு."

ரோஷினி இறங்க வேண்டிய நிலையம் வந்தது. அவள் இறங்கவில்லை.